யாரு முந்தி?

ஐந்து பெயர்களை வரிசைப்படுத்த இவ்வளவு நேரம் ஆகாது.

ரஞ்சிதா எண்டர் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். லேப்டாப் திரையில் கர்சர் விட்டுவிட்டு மின்னியது, அவ்வளவுதான். வெளியே வாடைக்காற்று துறைமுகத்துத் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஆவதற்குள்ளேயே வெளிச்சம் செத்து, சன்னலுக்கு அப்பால் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடந்தன. கீழே ஐஸ் கம்பெனியிலிருந்து கிளம்பும் அமோனியா நெடி, தளத்தின் விரிசல்கள் வழியாக ஏறி, டீசல் நாற்றத்தோடும் பழைய மீன் கவிச்சியோடும் கலந்து அந்த மாடி அறையிலேயே குடியிருந்தது. கரண்ட் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. ஐஸ் எந்திரம் நின்றுபோனதால், எப்போதும் உள்ளங்காலில் அதிர்ந்துகொண்டே இருக்கும் தரை இப்போது அசைவில்லாமல் இருந்தது. அந்த அசைவின்மை அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

ஜெகதாப்பட்டினத்தில் ஜெரால்டு நடத்தும் மீனவர் தகவல் மையத்தில் அவளுக்கு வேலை. எந்தப் படகில் யார் போயிருக்கிறார்கள், வீடு எங்கே, ஆபத்தென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்கிற விவரமெல்லாம் மூலையில் யுபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த டைரக்டரி சர்வரில் இருந்தது. போன மாதம், எல்லை தாண்டியதாகச் சொல்லி இரண்டு படகுகளைப் பிடித்துக்கொண்டு போனபோது, அகப்பட்டவர்களின் பெயர்கள் துறைமுகத்து மின்பலகையில் கண்டபடி ஓடின. அழகம்மாள் பலகைக்கு அடியில் நின்று ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் மகன் ராசு அந்தப் படகுகளில் இல்லவே இல்லை. கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை அவளுக்கு அது தெரியாது. மயங்கி விழுந்ததில் கால் பிசகிவிட்டது.

"அகர வரிசையில போட்டா என்ன கொறஞ்சு போவுது?" என்று ஜெரால்டு அன்றைக்குக் கத்தினார். "அவங்கவங்க எழுத்தப் பாத்துட்டு, இல்லைன்னா நிம்மதியா வீட்டுக்குப் போவாங்கல்ல? இத மொதல்ல சரி பண்ணும்மா."

அதைத்தான் சரி செய்துகொண்டிருந்தாள். சி மொழியில் எழுதிய பழைய புரோகிராம் அது. சர்வரைத் தேடச் சொன்னால் பெயர்களைத் தன் இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுக்கும். வாங்கியபிறகு நாம்தான் அடுக்க வேண்டும். அதற்கென்று ரஞ்சிதா ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிச் சேர்த்திருந்தாள். பெயர்களை அடுக்கும் பகுதி இரண்டிரண்டு பெயராக எடுத்து அந்த ஃபங்ஷன் முன்னால் நீட்டும்: இவனா, அவனா, யார் முன்னால்? அது பதில் சொல்லும். பிறகு அடுத்த இரண்டு பேர். எத்தனை பேர் இருந்தாலும் வேலை அதேதான்.

சோதித்துப் பார்க்கத் தன் வீட்டு ஆட்கள் போயிருக்கும் படகையே எடுத்துக்கொண்டாள். டிரைவர் சோலையப்பன். உடையப்பன், ராசு. அவள் புருஷன் வெற்றிசெல்வன். அவள் தம்பி அரவிந்த்குமார். கீரமங்கலத்தில் அவர்களுடைய தென்னந்தோப்பு கஜா புயலில் மொத்தமாகப் படுத்த பிறகு, "மச்சான்கூடக் கடலுக்குப் போறேன்க்கா" என்று வந்து நின்றவன். முதல் மாதம் முழுக்க வாந்தி எடுத்தான். இப்போது வலை பின்னுவதில் அவன்தான் கெட்டி.

எங்கே சிக்குகிறது என்று பார்க்க ஒரு வரி கூடுதலாக எழுதினாள். எந்த இரண்டு பெயர்களை எடுக்கிறாயோ, அதைத் திரையில் காட்டு. மறுபடி ஓட்டினாள்.

ராசு. உடையப்பன்.

அங்கேயே நின்றது. உப்புக்கும் மிளகாய்க்கும் வித்தியாசம் தெரியாத குழந்தைகூடச் சொல்லிவிடும், உ முன்னால், ரா பின்னால். ஆனால் திரையில் அந்த இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, கூப்பிடட்டும் என்று கதவோரம் நிற்கும் ஆட்களைப் போல.

"ராசுக்கா, ஒடையப்பனுக்கா? யாரு முந்தி?"

கீழேயிருந்து குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத, தொண்டையில் தண்ணீர் நிற்பது போன்ற குரல். ரஞ்சிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐஸ் கம்பெனி ஆட்கள் மாடிப்படிக்குக் கீழே நின்று இப்படிக் கேட்பது உண்டு. படகு வருவதற்கு முன்பே மீன் விற்கிற பெண்கள் ஐஸுக்குச் சொல்லி வைப்பார்கள். ராசு பேரில் அவன் அம்மா, உடையப்பன் பேரில் அவன் பெண்சாதி. அவளுக்கு அழகம்மாளின் வீங்கிய கால் ஞாபகம் வந்தது.

"ராசு முந்தி," என்றாள். "அந்தம்மா காலு முடியாம நிக்கும், பாவம்."

திரை நகர்ந்தது.

அவள் வாயிலிருந்து சொல் விழுந்ததும் அடுத்த வரி விழுந்தது. சோலையப்பன். உடையப்பன். மறுபடியும் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: கீழே கேட்ட பெயர்களும் திரையில் இருந்த பெயர்களும் ஒன்று. பரவாயில்லை, ஒரே ஊர், ஒரே படகு, இதில் என்ன ஆச்சரியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பாட்டில் ஜில்லென்று இருந்தது. காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். மின்விசிறிகூட ஓடாத அறை.

மேசை ஓரத்து வயர்லெஸ் கரகரத்தது.

"ரஞ்சி... ரஞ்சி, கேக்குதா?" வெற்றிசெல்வனின் குரல். காற்று அதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தது. "ராசு தண்ணில போயிட்டான். அலையும் இல்ல ஒண்ணும் இல்ல. என் பக்கத்துலதான் நின்னு பேசிக்கிட்டு இருந்தான். யாரோ இடுப்பப் புடிச்சு இழுத்த மாரிப் போயிட்டான். தேடுறோம். ஆளையே காணோம்."

"என்னங்க சொல்றீங்க? அவனுக்குத்தான் நல்லா நீச்சத் தெரியுமே!" பட்டனை அழுத்திக் கத்தினாள். "கரைக்கு வாங்க, ஒடனே திரும்பிருங்க. கேக்குதா?"

மணலைச் சல்லடையில் சலிப்பதுபோல் ஓர் இரைச்சல் மட்டும் வந்தது.

அழகம்மாளுக்குச் சொல்ல வேண்டும். ஐஸ் ஆட்களை விட்டு அவளை உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும். ரஞ்சிதா கதவைத் திறந்துகொண்டு மாடிப்படியின் உச்சிக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

ஐஸ் கம்பெனியின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வெளிப்பக்கம் பூட்டு. கரண்ட் போனதும் எல்லாரும் கிளம்பிப் போயிருந்தார்கள். ஐஸ் பெட்டிகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன, ஒரு நாய்கூட இல்லை. மாடிப்படியின் அடியில் ஈரம். யாரோ நனைந்த உடம்போடு வெகுநேரம் நின்ற இடம் போல ஒரு வட்டமான ஈரம். அதிலிருந்து முதல் படி, இரண்டாம் படி என்று மேல்நோக்கி வந்தது.

மழை இன்னும் பெய்யவில்லை.

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு பெயர்கள் அப்படியே நின்றன. சோலையப்பன். உடையப்பன்.

"சோலையப்பனா, ஒடையப்பனா?"

இப்போது குரல் படியில் இருந்தது. பாதிப் படியில். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் சொட்டுச் சத்தம்.

"யாரு முந்தி?"

அவளுக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. உடம்புக்குப் புரிந்துவிட்டது, முதுகுத்தண்டில், பல்லின் வேரில், எல்லா இடத்திலும் புரிந்துவிட்டது. மனசுதான் இன்னும் முரண்டு பிடித்தது. ராசு கால் வழுக்கி விழுந்திருப்பான், கீழே யாரோ குடித்துவிட்டு விளையாடுகிறான், இதெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. அப்படிச் சம்பந்தமில்லை என்றால், ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்தால்தான் என்ன? ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாவிட்டால் பயம் போய்விடும்.

உடையப்பன் நல்ல மனுஷன். தீபாவளிக்கு அவள் பிரசவித்துப் படுத்திருந்தபோது, பிள்ளை தங்கவில்லை என்று தெரிந்து, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனவன். சோலையப்பன் அப்படியில்லை. அரவிந்து முதல் தடவை படகில் வாந்தி எடுத்தபோது, அவன் முகத்தை அந்த வாந்தியிலேயே காலால் அழுத்தி, "தோப்புக்காரப் பயலுக்குக் கடலு கேக்குதோ?" என்று சிரித்தவன். அதைத் தம்பி சொல்லவில்லை. வெற்றிசெல்வன் சொன்னான். சொல்லிவிட்டு அவனும் கொஞ்சம் சிரித்தான்.

"சோலையப்பன்," என்றாள் ரஞ்சிதா.

சோதனைக்காகச் சொன்னதாகத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பெயர் வாயிலிருந்து போனபோது நாக்கு இனித்தது. அது அவளுக்கே தெரிந்தது. படியில் நின்றதற்கும் தெரிந்திருக்க வேண்டும். கதவுக்கு அப்பால் மூச்சு இழுப்பதுபோல், சிரிப்பதுபோல், ஈரமான ஏதோ ஒரு சத்தம்.

திரை நகர்ந்தது.

வயர்லெஸ்ஸில் முதலில் வந்தது அலறல். அது யாருடையது என்று தெரியவில்லை. பிறகு வெற்றிசெல்வன், மூச்சு வாங்க.

"வலை இழுக்குற ரோப்பு... தானா சுத்துச்சு. எந்திரம் ஆஃப்ல இருக்கு ரஞ்சி, ஆஃப்ல இருக்கு! டிரைவர் காலச் சுத்தி... இழுத்து... அய்யோ, பாதிதான்டி கெடக்கு இங்க." அழுகிறானா, வாந்தி எடுக்கிறானா என்று புரியாத சத்தம். அதற்குப் பிறகு குரல் மாறியது. தாழ்ந்தது. "ரஞ்சி. நீ என்ன பண்ற அங்க?"

"நான்... நான் ஒண்ணும்..."

"ஒன் கொரலு இதுல வருது. மொதல்ல ராசு பேரச் சொன்ன. சொன்னதும் அவன் போனான். இப்ப டிரைவர் பேரு. நாங்க எல்லாருமே கேட்டோம். அரவிந்துகூடக் கேட்டான். 'அக்கா ஏன் பேரச் சொல்லுது'ன்னு கேக்குறான். என்னடி இது?"

அவள் பட்டனை இரண்டு கையாலும் அழுத்தினாள். "நான் சொல்லலைங்க! அது கேக்குது. எனக்குத் தெரியாம... திரும்பி வாங்க, மூணு பேரும் உள்ள போயி உக்காருங்க, ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கங்க. என்னங்க! கேக்குதா?"

"எதாவது பேசு ரஞ்சி," என்றான் வெற்றிசெல்வன். "பேரு மட்டும்தான் கேக்குது. மத்தது எதுவும் வரல. பேசுடி."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவன், "பேசு, பேசு" என்று கெஞ்சிக்கொண்டே இரைச்சலுக்குள் முழுகிப்போனான்.

புரோகிராமை நிறுத்த வேண்டும். கன்ட்ரோல் சி தட்டினாள். இன்னொரு விண்டோவைத் திறந்து அதைக் கொன்றாள். செத்துவிட்டது என்றது திரை. ஒரு நொடி வெறும் கர்சர். அவள் மூச்சை விடுவதற்குள், யாரும் ஓட்டாமலே, அதற்குக் கீழே அடுத்த வரி வந்து விழுந்தது.

அரவிந்த்குமார். வெற்றிசெல்வன்.

"இல்ல," என்றாள்.

சர்வரின் வயரைப் பிடுங்கினாள். யுபிஎஸ் கீச்சிட்டு அடங்கியது. சர்வரின் பச்சை விளக்கு அணைந்தது. லேப்டாப்பை மூடினாள். மூடிய லேப்டாப்பின் இடுக்கு வழியாக வெளிச்சம் ஒரு கோடாக வழிந்தது. மறுபடி திறந்தபோது அதே இரண்டு பெயர்கள்.

கதவு திறக்கவில்லை. தாழ் போட்டபடியே இருந்தது. ஆனால் அமோனியா நெடி சட்டென்று கண்ணைக் கரித்தது. அறை குளிர்ந்தது. ஐஸ் பாளத்தில் முதுகைச் சாய்த்தது போன்ற குளிர், பின்னங்கழுத்தில் தொடங்கி இரண்டு தோளிலும் இறங்கியது. நாற்காலிக்குப் பின்னால் சொட்டு. இன்னொரு சொட்டு. அவள் தோளில் ஒன்று விழுந்தது. உப்புத் தண்ணீர்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"ஒன் தம்பியா," என்றது, அவள் காதுக்குள். "ஒன் புருசனா?"

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு முந்தி?"

சொல்லமாட்டேன். பல்லை இறுக்கினாள். நாக்கைக் கடித்தாள், ரத்தம் ருசித்தது. சொல்லாவிட்டால் அதனால் நகர முடியாது. இவ்வளவு நேரம் அது நின்றதெல்லாம் பதிலுக்காகத்தானே. பதில் இல்லையென்றால் அப்படியே நிற்கட்டும். விடியும்வரை நிற்கட்டும். சாகும்வரை.

ஆனால் சி மொழியில் எழுதுகிறவளுக்கு ஒன்று தெரியும். பதில் சொல்ல வேண்டிய ஃபங்ஷன் ஒன்றும் சொல்லாமல் திரும்பினால், கேட்டவன் வெறுங்கையோடு போவதில்லை. பதில் இருக்க வேண்டிய இடத்தில் எது கிடக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போவான். பழைய குப்பையோ, பாதி நினைத்த நினைப்போ. அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்வான்.

நினைக்காதே.

நினைக்காதே. எதையும் நினைக்காதே.

தம்பியின் முகம் வந்தது. தள்ளினாள். புருஷனின் முகம் வந்தது. தள்ளினாள். தோப்பு வந்தது, வேரோடு சாய்ந்த தென்னைகள் வந்தன, சாந்துப் பொட்டு வைத்த ஆத்தாவின் நெற்றி வந்தது. ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். நல்லவேளை. அவள் இருந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது கேட்க யாரும் இல்லை. அவனுக்கென்று பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அழ ஆளில்லை. அவன் போனால்—

அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை. சத்தியமாக முடிக்கவில்லை.

தோளிலிருந்து குளிர் விலகியது.

வயர்லெஸ்ஸில் ஒரு குரல். தெளிவாக, நிதானமாக, இரைச்சலே இல்லாமல். அவளுடைய குரல். வாய் இறுகப் பொத்தியிருக்க, அவளுடைய சொந்தக் குரல், சின்ன வயதில் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவாளே, அதே இழுவையோடு:

"அரவிந்தூ."

"அக்கா?" என்றான் அவன்.

பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. பயமே இல்லை அந்தக் குரலில். கூப்பிட்டதற்கு ஏன் என்று கேட்டான், அவ்வளவுதான்.

பிறகு இரைச்சல்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வயர்லெஸ்ஸில் வெற்றிசெல்வன் வரவே இல்லை. திட்டவில்லை, அழவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மழை இறங்கி, தகரக் கூரையெல்லாம் ஒரே முழக்கமாகி, பிறகு கொஞ்சம் தணிந்தபோது, கீழே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ ஜெனரேட்டரைப் போட்டார்கள். துறைமுகத்து விளக்குகள் எரிந்தன.

ரஞ்சிதா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

படகு வந்துகொண்டிருந்தது. உடையப்பன் ஓட்டினான். படகுத்துறையில் கூட்டம் கூடியிருந்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பெண்கள், கயிற்றை வாங்க நீண்ட கைகள். முதலில் தார்ப்பாயில் சுருட்டிய ஒன்றை இறக்கினார்கள். அது ஓர் ஆளின் அளவுக்கு இல்லை. அதற்குப் பிறகு உடையப்பன் இறங்கினான், இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். வெற்றிசெல்வன் இறங்கினான்.

அவன் பின்னால் யாரும் இறங்கவில்லை. அவள் காத்திருந்தாள். யாரும் இறங்கவில்லை.

அழகம்மாள் பிசகிய காலை இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தாள். வெற்றிசெல்வனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். மழையும் ஜெனரேட்டர் இரைச்சலும் சேர்ந்ததில் மேலே ஒரு சொல்லும் ஏறவில்லை. படம் மாதிரி, சத்தமில்லாமல் நடந்தது எல்லாம். அவன் என்னவோ சொன்னான். குனிந்து, அவள் காதில், நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அழகம்மாளின் கை சட்டையிலிருந்து நழுவியது. அவள் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒவ்வொருவராக, கூட்டம் முழுக்க மாடியைப் பார்த்தது.

"என்னங்க!" என்று கத்தினாள் ரஞ்சிதா. "நான் சொல்லலைங்க! அவன் பேர நான் சொல்லவே இல்லைங்க!"

காற்று அதை அவள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

அறையில் குளிர் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். அமோனியா நெடி தணிந்திருந்தது. சொட்டுச் சத்தம் இல்லை. மெல்ல, எலும்பு நொறுங்கிவிடும் என்பதுபோல் மெல்லத் திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு குளம் போல் தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கிருந்து ஈரத்தடம் கதவை நோக்கிப் போயிருந்தது. தாழ் திறந்திருந்தது.

போய்விட்டது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

பிறகு திரையைப் பார்த்தாள். அந்தப் படகில் போனவர்களை மட்டும் தேடச் சொன்ன தேடல், கேட்காமலே கரையில் இருப்பவர்களிடமும் ஏறி வந்திருந்தது. சர்வர் அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் புதிதாக ஒரு வரி.

அழகம்மாள். ரஞ்சிதா.

கர்சர் மின்னியது. காத்திருந்தது.

ஆனால் அறையில் யாரும் கேட்கவில்லை. அவளிடம் கேட்கவில்லை.

சன்னலுக்கு ஓடினாள். படகுத்துறை விளக்கின் அடியில் வெற்றிசெல்வன் நின்றிருந்தான், நனைந்து, கை தொங்க. அவன் பக்கத்தில் அழகம்மாள். அவனுடைய இன்னொரு பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் கூட்டம் அந்த இடத்தை விட்டுவிட்டு நின்றது, கல்தரையில் அங்கே மட்டும் தண்ணீர் கறுப்பாக விரிந்துகொண்டிருந்தது. அவன் தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்திருந்தான். காது கொடுத்துக் கேட்பவனைப் போல. குள்ளமான ஒன்று அவனிடம் ரகசியம் சொல்வதைப் போல.

கேட்டு முடித்தான். நிமிர்ந்தான். மாடியைப் பார்த்தான்.

"வேணாம்," என்றாள் அவள். "என்னங்க. வேணாங்க."

அவன் வாய் திறந்தது.

சத்தம் வரவில்லை. அவளுக்கு உதடுகள் மட்டும்தான் தெரிந்தன. விளக்கு வெளிச்சத்தில், மழைக் கோடுகளுக்கு நடுவில், அந்த உதடுகளை அவள் பார்த்தாள். அழகம்மாள் என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் ஒரு தடவை உதட்டை மூட வேண்டும். மூடாமல் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. மூடு என்று வேண்டினாள். ஒரே ஒரு தடவை மூடு. கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு, கண்ணை இமைக்காமல் பார்த்தாள்.

அவன் உதடு மூடவே இல்லை.